போடிமெட்டு ஏற்றத்தில் இரண்டு வண்டிகள்

நம் நாட்டில் பழைய கார்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் 'அம்பாசடரா, பியட்டா?' என்ற கேள்வியில் வந்து நிற்பது வழக்கம். கல்கத்தாவின் வாடகைக் கார் அம்பாசடர். மும்பையின் வாடகைக் கார் பியட்டாக இருந்தது. ஒன்று உறுதிக்கும் இடவசதிக்கும் பெயர் பெற்றது. மற்றொன்று சுறுசுறுப்புக்கும் சிக்கனத்துக்கும் பெயர் பெற்றது. இந்த விவாதம் சமவெளி நகரங்களுக்கு உரியது. போடிநாயக்கனூரில் வளர்ந்தவர்களுக்கு இக்கேள்வி அவ்வளவு பொருளுடையதன்று. எங்கள் ஊரின் கேள்வி வேறு: அம்பாசடரா, ஜீப்பா?

அடிப்படையில் இவை வெவ்வேறு இனத்து வண்டிகள். ஒன்று குடும்பக் கார்; மற்றொன்று போர்க்களத்துக்காகப் பிறந்தது. சமவெளியில் இரண்டையும் ஒப்பிட யாரும் முனையமாட்டார்கள். ஆனால் ஒரு மலைச்சாலை இரண்டையும் ஒரே தராசில் ஏற்றிவிட்டது. என் பெரியப்பா இருபதாண்டுகளுக்கு மேல் இவ்விரு வண்டிகளையும் அச்சாலையில் ஓட்டியவர். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப். சந்தை நாட்களில் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் அம்பாசடர். இக்கட்டுரையில் வரும் பொறிநுட்பச் செய்திகளில் பாதி அவரிடம் கேட்டறிந்தவை; மீதி, கேட்டதைச் சரிபார்க்கப் படித்தவை. நான் தமிழிலக்கியம் கற்பிப்பவன். எஞ்சினைக் கழற்றிப் பார்த்தவனல்லன். ஆயினும் வண்டிகளின் வரலாற்றை வண்டி விரும்பிகளிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்று எண்ணுவதற்கு எனக்குக் காரணம் உண்டு. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

முதலில் மலையைச் சொல்ல வேண்டும். போடி மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள ஊர். ஊரைத் தாண்டி முந்தல் சோதனைச் சாவடியைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கடைசி வளைவு முடிந்து போடிமெட்டை அடையும்போது கடல் மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கும் மேலே வந்திருப்போம். அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பஞ்சோலை என்று விரியும் ஏலமலைகள் அந்தப் பக்கம். கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைத்த பழைய தேசிய நெடுஞ்சாலை இவ்வழியேதான் சென்றது. அதன் எண் 49; இப்பகுதிச் சாலையின் எண் இப்போது 85.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றுவிட்டன. அரசியல் வரலாறு இதை எல்லைச் சிக்கலாகப் பேசும். போடிக்காரர்களுக்கு இது அன்றாடப் பயணச் சிக்கல். ஏலச்செடி நிற்கும் மண் அங்கே. காய் எடுக்கும் கைகளில் பெரும்பகுதி இங்கே. எடுத்துக் காயவைத்த காய் மீண்டும் கீழே போடிக்கு வந்துதான் தரம் பிரிக்கப்பட்டு விலைபோக வேண்டும். ஏலம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இரண்டு பொருளும் ஒருசேர வழங்கும். காயைக் குறிக்கும் ஏலம் பழஞ்சொல். கூறி விற்பதைக் குறிக்கும் ஏலம் போர்த்துக்கீசியர் வழி வந்த சொல். காய் மேலே, கூறல் கீழே. இரண்டுக்கும் நடுவே பதினேழு வளைவுகள்.

மோட்டார் வருமுன் இந்தச் சுமையைத் தூக்கியவை கழுதையும் மட்டக்குதிரையும் மனிதத் தலையும். மலையேறும் சுமைவண்டி என்றதும் இலக்கியம் படித்தவர்களுக்கு உமணர் நினைவுக்கு வருவர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் எழினியைப் புகழும்போது, உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதை உவமையாக்குகிறார். காளைகளோ இளையவை, சுமையோ மிகுதி, வழியோ பள்ளமும் மேடும். ஆகவே இன்னொரு அச்சு வேண்டும். வண்டியின் பயன்பாடு பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் பழைய நடைமுறை அறிவு இது. எவ்வளவு வேகம் என்பதன்று, நடுவழியில் முறிந்தால் என்ன செய்வது என்பதே மலைவழியின் முதற்கேள்வி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையர் இந்த மலையை வேறொரு வழியில் வென்றனர். மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயில் பாதை அமைத்தனர். அங்கிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவடம். தேயிலைப் பெட்டிகள் வானில் தொங்கியபடி இறங்கிப் போடிப் பக்கம் வந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துச் சென்றுவிட்டது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. உலகப் போரின்போது தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 1950களில் மீண்டும் இடப்பட்டது. அகலப்பாதையாக்குவதற்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில், 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பியது. இந்த ஏற்பாடுகள் அனைத்திலும் ஒன்றைக் கவனிக்கலாம். தேயிலைக்குக் கம்பிவடம் கிடைத்தது. காய் மூட்டைக்கு ரயில் கிடைத்தது. மலையேறி வேலைக்குப் போகும் ஆளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஜீப் நுழைந்தது.

இனி இரு வண்டிகளின் பிறப்பு. பிர்லா குடும்பத்தினர் 1942இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓக்கா துறைமுகத்திலிருந்து கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவுக்கு இடம்பெயர்ந்த நிறுவனம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையை உரிமம் பெற்று 1950களின் பிற்பகுதியில் அம்பாசடர் என்ற பெயரில் அது வெளியிட்டது. ஆங்கிலேய நாட்டுப்புறச் சாலைகளில் நடுத்தரக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை உலாப் போவதற்காக வரையப்பட்ட கார் அது.

ஜீப்பின் கதை 1941இல் அமெரிக்கப் படைக்காகப் பெருமளவில் உற்பத்தியான வில்லிஸ் வண்டியிலிருந்து தொடங்குகிறது. போர் முடிந்ததும் உழவுக்கும் சுமைக்கும் ஏற்றதாக அது விற்கப்பட்டது. 1945இல் இரும்பு வணிகத்துக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் பின்னர் மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. அது வில்லிஸ் நிறுவனத்தோடு உடன்பாடு கண்டு, 1949இல் மும்பை மசகானில் ஜீப்புகளைப் பொருத்தி வெளியிடத் தொடங்கியது. நெடுங்காலம் இங்கே ஓடிய வகைக்கு சி.ஜே. 3பி என்று பெயர்.

இவ்விரண்டும் நம் சாலைகளில் இத்தனை காலம் நிலைத்ததற்குத் தரம் மட்டும் காரணமன்று. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமில்லாத நிறுவனங்கள் கார்களைப் பொருத்தி விற்கக் கூடாது என்று அரசு 1950களின் முற்பகுதியில் முடிவெடுத்ததும் ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் வெளியேறின. எஞ்சியவை சிலவே. உரிமமும் காத்திருப்புப் பட்டியலும் கோலோச்சிய அந்நாட்களில் மக்கள் வண்டியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கிடைத்த வண்டிக்கு ஏற்பத் தம் வாழ்க்கையை அமைத்துக்கொண்டனர் எனலாம். ஆங்கிலேயக் குடும்பக் காரும் அமெரிக்கப் படை வண்டியும் ஏலமலையில் சந்தித்துக்கொண்டது இவ்வாறுதான்.

செயல்திறனை இப்போது பார்ப்போம். நெடுங்காலம் வழங்கிய அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி. அளவுடையது, திறன் ஏறத்தாழ 55 குதிரைசக்தி. சி.ஜே. 3பி ஜீப்பின் எஞ்சின் 2199 சி.சி.; ஏறத்தாழ 75 குதிரைசக்தி. ஆனால் மலையில் குதிரைசக்தியைவிட முக்கியமானது முறுக்குவிசை. குதிரையின் ஓட்டத்துக்கும் காளையின் இழுப்புக்கும் உள்ள வேறுபாடு இது. அம்பாசடரின் மூல எஞ்சினுக்கு உச்ச முறுக்குவிசை 78 பவுண்டு-அடி அளவில். ஜீப்புக்கு 114 அளவில். ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அந்த இழுப்பும் ஜீப்புக்குக் குறைந்த சுழற்சியிலேயே, நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றிலேயே, கிடைத்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில் வண்டி ஏறக்குறைய நின்றுபோய்த்தான் திரும்பும். திரும்பியதும் மீண்டும் இழுக்க வேண்டும். அந்த நொடியில் எஞ்சின் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது எவ்வளவு இழுப்பு கிடைக்கிறது என்பதுதான் மலைவண்டியின் தேர்வு.

ஜீப்புக்கு இன்னொரு துணையும் உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் இரண்டாவது பெட்டி. அதில் 'லோ' போட்டால் இழுப்பு மேலும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெருகும். வேகம் நடைவேகமாகும், ஆனால் சேற்றிலும் உருளைக் கல்லிலும் வண்டி நிற்காது. அம்பாசடரில் விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமே. ஈரத்தில் பின்சக்கரம் ஒருமுறை சுழலத் தொடங்கிவிட்டால் யாராவது இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. போடிமெட்டில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. கார்புரேட்டர் எஞ்சின் அதே அளவுக்குத் திறனை இழக்கும். இழப்பு இரண்டு வண்டிக்கும் பொது என்றாலும் கையிருப்புக் குறைந்தவனுக்கே அது உறைக்கும். கோடையில் ஆளும் மூட்டையுமாக ஏறும் அம்பாசடரின் ரேடியேட்டர் கொதிக்காமல் மேலே போவது ஓட்டுநரின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. 'வண்டி மூச்சு வாங்குது' என்று பெரியப்பா சொல்வது வெறும் உருவகம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். காற்றடர்த்தியைப் பற்றிப் படித்தபோதுதான் அது நேர்ப்பொருள் என்று விளங்கியது.

இறக்கத்தில்தான் உண்மையான ஆபத்து. இரண்டிலுமே அக்காலத்தில் டிரம் பிரேக்குகள்தாம். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் தளரும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் முதல் பாடம். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக் துணைக்கு மட்டும். இதில் தாழ்ந்த கியர் உடைய ஜீப்புக்குத் தெளிவான மேன்மை உண்டு. பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கியவர்களின் கதைகளைப் பெரியப்பா பெயர் சொல்லாமல் சொல்வார். பெரும்பாலும் அக்கதைகள் பள்ளத்தாக்கில் முடியும்.

அளவில் அம்பாசடர் பதினான்கு அடிக்குச் சற்று மேல். பழைய ஜீப் பதினொரு அடிக்குள். அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடைவெளி அம்பாசடரில் ஆறங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். ஜீப்பில் எட்டங்குலம் வரை. நெடுஞ்சாலையில் இந்த இரண்டு அங்குலம் ஒரு பொருட்டன்று. போடிமெட்டைக் கடந்து தோட்டப் பாதைக்குள் இறங்கினால் அதுவே எல்லைக்கோடு. மழை அரித்த மண்ணும் துருத்திய பாறையுமான அவ்வழியில் அம்பாசடர் போவதில்லை. தோட்ட முதலாளியேயாயினும் காரைத் தார்ச்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஜீப்புக்கு மாற வேண்டும்.

இதனால் அம்பாசடர் தோற்றுவிட்டது என்று கருதிவிடக் கூடாது. தார்ச்சாலையில், நல்ல ஓட்டுநர் கையில், அது நிற்காமல் மெட்டை அடையும். பட்டை ஸ்பிரிங்குகளும் அகன்ற மெத்தை இருக்கையும் சாலையின் குழியை உடம்புக்குச் சொல்லாது. மலைமழை பக்கவாட்டில் அடிக்கும். படுதா கட்டிய ஜீப்பில் நனையாதவர் இல்லை. அம்பாசடரில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும். டிக்கியில் மூட்டை வைக்கலாம். கியர்த் தண்டு ஸ்டீயரிங்கை ஒட்டி இருந்ததால் முன்னிருக்கையிலும் மூவர் அமரலாம். போடியில் பெண்ணழைப்புக்கும் பிரசவத்துக்கும் அம்பாசடரையே தேடினர். 1966இல் ஏலக்காய் வாரியமும் பின்னர் 1987இல் நறுமணப் பொருள்கள் வாரியமும் அமைந்து ஏல வணிகம் ஒழுங்குபெற்ற காலத்தில், ஏலம் நடக்கும் கூடத்துக்கு வெளியே வரிசையாக நின்ற வெள்ளை அம்பாசடர்களை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். 2007இல் மின்முறை ஏலம் வந்தபின் கூறும் குரல் ஓய்ந்தது. வெளியே நிற்கும் கார்களும் மெல்ல மாறின.

பழுதுபார்ப்பில் இரண்டும் சமம். இரண்டையும் அடிவாரத்துப் பட்டறைக்காரர் ஸ்பேனரும் சுத்தியலும் கொண்டே எழுப்பிவிடுவார். எரிபொருள் செலவில் டீசல் வந்தபின் கணக்கு மாறியது. 1970களில் ஜீப்பில் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. அம்பாசடருக்கும் 1980ஐ ஒட்டி டீசல் வந்தது. ஆனால் 37 குதிரைசக்தி அளவிலான அந்த எஞ்சின் சமவெளிக்குச் சிக்கனம், மலைக்குச் சோதனை. ஜீப்போ டீசலோடு உடலையும் நீட்டிக்கொண்டது. கமாண்டர் போன்ற நீண்ட வகைகள் வந்தன. பின்னால் இரண்டு பக்கமும் எதிரெதிரே பலகை இருக்கை, மேலே படுதா. ஏலமலை முழுவதும் 'ட்ரிப் ஜீப்' என்றால் இதுதான்.

பயன்பாடு என்ற சொல்லை இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். வண்டி ஒப்பீடுகளில் எத்தனை பேர் அமரலாம் என்பது ஒரு கட்டம். எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குச் செல்வர். அம்பாசடருக்கு ஐந்து அல்லது ஆறு என்று எழுதலாம். ட்ரிப் ஜீப்புக்கு என்ன எழுதுவது? பதிவுச் சான்றிதழில் இருக்கும் எண் ஒன்று; விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஏறும் எண் வேறு. என் சிறுவயதில் ஒரு ஜீப்பில் பதினெட்டு, இருபது பெண்களை எண்ணியிருக்கிறேன். பலகையில் அமர்ந்தவர்களின் மடிமேல் தூக்குவாளிகள், நடுவில் குந்தியவர்கள், பின்படியில் தொற்றிய ஆண்கள். கூலி நாட்கணக்கு, வண்டிச் செலவோ ட்ரிப் கணக்கு. தலை எண்ணிக்கை கூடினால் தலைக்கு விழும் செலவு குறையும். கணக்கு அவ்வளவுதான்.

ஜீப்பின் செயல்திறன் என்று மேலே நான் பாராட்டிய அத்தனையும், அந்த முறுக்குவிசையும் தாழ்ந்த கியரும் நீண்ட உடலும், இந்தக் கணக்கைச் சாத்தியமாக்கியவை. ஐந்து பேருக்கு மேல் ஏற்றினால் அம்பாசடர் வளைவில் நின்றுவிடும். 'போதும்' என்று வண்டியே சொல்லிவிடும். ஜீப் அவ்வாறு சொல்வதில்லை. இருபது பேரையும் இழுத்துக்கொண்டு ஏறும். வண்டியின் வலிமை ஏறியவர்களுக்கு வசதியாக மாறவில்லை. மேலும் ஏற்றுவதற்கான உரிமையாக மாறியது. ஆள் மிகுந்து நிறைந்த ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகள் தேனி, இடுக்கி மாவட்ட நாளிதழ்களில் தொடர்ந்து வந்தவண்ணம் இருந்தன. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னரும் சோதனைச் சாவடியில் சில நாள் தலை எண்ணுவார்கள். பிறகு பழையபடியே.

சட்டமும் இவர்களைச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைப் பேசியது. தோட்டத்திலேயே குடியிருக்கும் தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. அடுத்த மாநிலத்திலிருந்து காலையில் ஏறி மாலையில் இறங்கும் தொழிலாளியின் ஒரு நாளில் மூன்று, நான்கு மணிநேரம் வண்டியிலேயே கழிகிறது. அந்த நேரம் வேலையும் அன்று, ஓய்வும் அன்று.

இந்தப் பயணம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பது 2011 டிசம்பரில் வெளிப்பட்டது. முல்லைப்பெரியாறு அணைப் பிணக்கு முற்றி எல்லையில் போக்குவரத்து நின்றபோது, மேலே சிக்கிக்கொண்ட தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி, காட்டுப் பாதைகளில் நடந்தே இறங்கித் தேனி மாவட்டத்துக்குள் வந்தனர். ஜீப் வருமுன் தாத்தாக்கள் மூட்டை சுமந்து இறங்கிய அதே தடங்கள். அறுபதாண்டு மோட்டார் வரலாறு ஒரு வாரத்தில் அழிந்து, மலை மீண்டும் நடையின் மலையாகிவிட்டது. 2018இல் வெளிவந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' அந்த நடைத் தடங்களையும் ஏலக்காய் மூட்டையையும் அறியாதவர்களுக்கும் காட்டிய படம். எங்கள் ஊரில் அதைப் பார்த்தவர்கள் கதையைவிட வழியைத்தான் அடையாளம் கண்டு பேசிக்கொண்டனர்.

இரு வண்டிகளின் முடிவும் ஒரே மாதிரியாக இல்லை. 2014 மே 24ஆம் நாள் உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 2017இல் அதன் பெயர் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நாளிதழ்கள் இரங்கற்பா எழுதின. இன்று பழைய கார் ஆர்வலர்கள் அதை மெருகேற்றி அணிவகுப்பில் ஓட்டுகின்றனர். ஜீப்புக்கு இரண்டு வாழ்க்கை வாய்த்தது. ஒன்று, மலையேற்ற விளையாட்டும் சுற்றுலாவும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் காட்ட அழைத்துச் செல்லும் ஜீப்புகளில் ஐந்தாறு பேர் அமர்ந்து, குலுங்கல்களுக்குக் கூவி மகிழ்கின்றனர். மற்றொன்று பழைய வாழ்க்கையே. அதே விடியலில், சில மலைகளுக்கு அப்பால், அதே வகை வண்டியில் காய் எடுப்புக்கு ஆள் ஏறுகிறது. முதல் வாழ்க்கைக்குப் புகைப்படங்கள் உண்டு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் விபத்துச் செய்தி மட்டுமே ஆவணம். வண்டி வரலாற்றை வண்டி விரும்பிகளிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுதான் காரணம். மெருகேற்றப்பட்ட வண்டி தன்னுள் யார் அமர்ந்திருந்தனர் என்பதைச் சொல்லாது.

என் அம்மா இருபத்திரண்டு ஆண்டுகள் காய் எடுக்கப் போனவர். ஏலக்காய் மரத்தில் தொங்குவதன்று. செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில் காய்ப்பது. நாள் முழுவதும் குந்தி அமர்ந்துதான் எடுக்க வேண்டும். எட்டுமணிநேரம் மடங்கிய கால்களோடு வந்து, ஜீப்பில் மீண்டும் கால்களை மடக்கி அமர்ந்து பதினேழு வளைவுகளில் இறங்குவார். அம்பாசடரில் அவர் மலையிறங்கியது ஒரே ஒருமுறை. தோட்டத்தில் காய்ச்சல் கண்டு மயங்கியபோது, தற்செயலாக மேலே வந்திருந்த பெரியப்பா வியாபாரியிடம் கேட்டு அவரை அந்தக் காரின் பின்னிருக்கையில் படுக்கவைத்து அழைத்துவந்தார்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது இருவரிடமும் கேட்டேன். பெரியப்பா யோசிக்கவே இல்லை. "ஏறுறதுக்கு ஜீப்பு தம்பி, எறங்குறதுக்கும் ஜீப்பு. ஊருக்குள்ள பவுசா போகணும்னா அம்பாசடரு" என்றார். ஓட்டுநரின் தீர்ப்பு அது. மேலே உள்ள எண்கள் அத்தனையும் அதற்குச் சாட்சி.

அம்மா, சாய்ந்து படுத்து வந்த அந்த ஒரு பயணத்தையே உயர்த்திச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அந்தக் காருல கண்ணாடிய ஏத்திவிட்டு, ஒரே பெட்ரோலு வாட. நாலாவது வளைவுலயே வாந்தி எடுத்துட்டேன். பேசக்கூட ஆளு இல்ல" என்றார். சற்று நேரம் கழித்து, முழங்காலைத் தடவிக்கொண்டே, "ஜீப்பே நல்லாத்தான் இருந்துச்சு. இன்னும் ரெண்டு பேரு கம்மியா ஏத்திருந்தா கால நீட்டியிருக்கலாம்" என்றார்.